பத்தாவது சொல்

இஸ்ரேலின் கர்மியேல் நகரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் அர்காதி கோரெலிக்கை, பெலாருஸில் அவர் பிறந்த ஊரான கோமெலில் யூதன் என்று சொல்லியே அடித்தார்கள். தந்தை யூதர், இஸ்ரேலில் குடியேறவும் ராணுவத்தில் சேரவும் அது போதுமானதாக இருந்தது. திருமணத்தைப் பதியப் போனபோதுதான் மதகுருமார் மறுத்தனர்: யூதம் தாய்வழியே வருவது, தாயோ பெலாருஸ்காரி. மதகுருமார் இல்லாமலே மணமுடிக்கக்கூடிய சைப்ரஸுக்குப் போய் அர்காதி மணமுடித்துத் திரும்பினார். அண்டை வீட்டாரிடம் இதைச் சொன்னதில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை, எதிர்வீட்டு நிசீம் அஸுலாய் கதவைத் தட்டினார். அன்று அவருடைய தாயின் நினைவு நாள். இறந்தோருக்கான கதிஷ் வேண்டுதலுக்குப் பத்து யூத ஆண்கள் கூடவேண்டும். யூதர் கணக்கில் சூரியன் மறைந்தால் நாளும் முடிந்துவிடும்.

“டேய் அர்காதி, செருப்ப மாட்டு. ஒரு ஆள் குறையுது.”

“எனக்கு ஜெபமெல்லாம் தெரியாதுண்ணே.”

“உன்னை யாருடா பாடச் சொன்னா? மரம் மாதிரி நின்னு ஆமென் சொல்லு, போதும்.”

அர்காதி செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனார். ஜெபக்கூடத்தில் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. பத்துச் சொற்கள் கொண்ட வேத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்வார்கள். கூடத்தைக் கவனிக்கும் ஷிமோன் ஒவ்வொரு சொல்லாக நெருங்கி வந்தார். அர்காதி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பத்தாவது சொல் தம்மீது விழுந்தால் நிசீமின் கதிஷ் செல்லாது. நிசீமுக்கு அது தெரியவே தெரியாது.

“என்மேல வைக்காதீங்க. எங்கம்மா யூதர் இல்ல.”

“இத்தன வருஷம் சொல்லாம, நல்ல நேரம் பாத்தடா!” என்றார் நிசீம்.

“மூஞ்சி எங்க மாமா மாதிரியே இருக்கேப்பா,” என்றார் ஒருவர்.

“மூஞ்சிய வச்சு எண்ண முடியுமா?” என்றார் ஷிமோன்.

சன்னலில் வெளிச்சம் சிவந்துகொண்டிருந்தது. அர்காதி தெருவுக்கு ஓடினார். பேருந்து நிறுத்தத்தில் காய்கறிப் பையுடன் ஒருவர் நின்றார்.

“கதிஷுக்கு ஒரு ஆள் வேணும், வாங்க.”

“எனக்குச் சாமி நம்பிக்கையே கிடையாதுப்பா.”

“உங்கம்மா?”

“அம்மா யூதர்தான்.”

“அப்ப நீங்க போதும்.”

தம்மை விலக்கிய அதே கேள்வியைத் தாமும் கேட்டுவிட்டது அர்காதிக்கு அப்போதுதான் உறைத்தது. பையை அவரே வாங்கிக்கொண்டு, உள்ளே கதிஷ் முடியும்வரை வாசலில் நின்றார்.

நிசீமும் அர்காதியும் சேர்ந்து வீடு திரும்பினார்கள். மாடிப்படியில் நிசீம் கேட்டார்: “உன் பொண்டாட்டி?”

“அவ யூதர்தான்.”

“அப்ப உன் பையன் கணக்குல வருவான். பதிமூணு வயசு ஆனதும் அனுப்பு.”

நிசீம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாளைக் காலை வணக்கம் சொன்னால் நிசீம் பதில் சொல்வாரா என்று தெரியாமல் அர்காதி படியிலேயே நின்றார்.