பொட்டு வைத்த வயர்லெஸ் பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, சாமி அருள் என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள் நான். தொழில் அப்படி. பெட்டியில் விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் வயரைப் பார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேதாந்தம். மராட்டிய மண்ணில், கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழன், எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையில் மூன்று பேருக்குச் சாமி வரும், அப்போதும் நம்பியதில்லை. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. அதே ஊர்ப் பக்கம் விமான் நகரில் ஒரு சின்ன டிராயிங் ஆபீஸ், நாங்கள் நான்கே பேர். முதலாளி குல்கர்ணி, படம் வரைகிற திருநெல்வேலிக்காரர் வெங்கடேசன், அவருக்கு உதவியாகக் கோமதி, கம்ப்யூட்டரையும் நெட்டையும் கட்டி மேய்க்க நான். கோமதியும் அங்கேயே தாபோடியில் வளர்ந்த பெண், வாயைத் திறந்தால் பாதி தமிழ், பாதி இந்தி. அவள் கணவன் செல்வம் கப்பலில் இன்ஜினியர். கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை, அந்த வாரம்தான் டாக்டர் நல்ல சேதி சொல்லியிருந்தார். போனில் சொல்லிவிடேன் என்றால் கேட்கமாட்டாள், "நஹி அண்ணா, அவர் மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்வேன்" என்று ஒரே பிடிவாதம். ஆயுத பூஜை அன்று அவன் கப்பல் சிங்கப்பூரில் நிற்கிறது, நம் நேரம் பதினோரு மணிக்குக் கரையில் ஒரு நெட் கடைக்கு வந்து கேமரா முன்னால் உட்காருவான், அதை விட்டால் மறுபடி மாதக்கணக்கில் கடல்தான்.

எங்கள் வயர்லெஸ்ஸோ அந்த வாரம் முழுக்க உயிரை வாங்கியது. ஐந்து நிமிஷம் வரும், பத்து நிமிஷம் போகும். சேனலை மாற்றினேன், பெட்டியை உள் அறை அலமாரி மேல் ஏற்றினேன், சாப்பாடு சூடு பண்ணும் மைக்ரோவேவை வராந்தாவுக்குத் துரத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. கேபிள் போட்டுப் பேசலாமே என்பீர்கள். கேமரா வேலை செய்ததே ஒரு பழைய லேப்டாப்பில்தான், அதில் கேபிள் சொருகும் பொத்தல் உடைந்துபோயிருந்தது.

அன்று காலை ஆபீஸே கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் சாமந்தித் தோரணம், குல்கர்ணி வாங்கி வந்த பேடா, உள் அறையில் வெங்கடேசன் சரஸ்வதி படத்தை வைத்து ஸ்கேலிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். முன் அறையில் பட்டுப்புடவையோடு கோமதி, பக்கத்தில் நான். பதினொன்று ஆனது, லைன் இல்லை. பதினொன்றேகால், இல்லை. "அண்ணா, அவர் அங்க உக்காந்துட்டிருப்பார், குச் கரோ நா, ஏதாவது பண்ணுங்க" என்று கண் கலங்கிவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசி வைத்தியமாக உள்ளே பார்த்துக் கத்தினேன்: "வெங்கடேசன், அந்தப் பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க!"

இரண்டு நிமிஷம் இருக்கும். திரை மூலையில் எங்கள் ஆபீஸ் பெயரோடு சிக்னல் கோடெல்லாம் நிறைந்து லைன் வந்தது. அந்தக் காலத்து வீடியோ கட்டம் கட்டமாக உடையும், இதிலோ செல்வத்தின் மீசையில் ஒற்றை நரைகூடத் தெரிந்தது. கோமதி சொன்னாள். அவன் விருட்டென்று எழுந்துவிட்டான், திரையில் சட்டைப் பொத்தான் மட்டும் தெரிந்தது, பிறகு உட்கார்ந்து அழுதான், சிரித்தான், கடைக்காரனைக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தான். குல்கர்ணி என் வாயில் பேடாவைத் திணித்தார். நாற்பது நிமிஷம், ஒரு தடவைகூட அறுபடவில்லை. நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முடிந்ததும் வெங்கடேசனைப் பாராட்டலாம் என்று உள்ளே போனேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில், பெரிய குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது எங்கள் வயர்லெஸ் பெட்டி. வயரையெல்லாம் கழற்றி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"நீங்கதான ஆஃப் பண்ணச் சொன்னீய? எப்படியும் ஆஃப் ஆகித்தான கெடக்கு, அப்படியே ஒரு பொட்ட வச்சிருவோம்னு அப்பவே எடுத்துட்டேன். பூஜையில வச்சத இனி நாளைக்குத்தான எடுக்கணும்" என்றார் சாவகாசமாக.

ஓடிப்போய் லேப்டாப்பைப் பார்த்தேன், லைன் இல்லை. நம்பினால் நம்புங்கள், அந்தக் கட்டடத்தில் வேறு யாரிடமும் வயர்லெஸ் கிடையாது, இருந்தாலும் எங்கள் பெயரில் எதற்கு வரப்போகிறது?

இதோடு நின்றிருந்தால் ஏதோ கோளாறு என்று நானும் மறந்திருப்பேன். ஒரு வாரம் கழித்து, சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கி ஊர் திரும்பிய நண்பரிடம் செல்வம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினான். உள்ளே மஞ்சள் நிறத்தில் குழந்தைத் தொப்பி, ஒரே அளவில் இரண்டு. ஒன்று தொலைந்தால் இன்னொன்று என்று ஆபீஸே அவனைக் கேலி செய்தது. அடுத்த மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். இரட்டைப் பிள்ளை.

செல்வம் வந்து சேர்ந்தபோது பெண்கள் இரண்டும் பிறந்து ஒரு மாதம். தொப்பியைப் பற்றிக் கேட்டேன். "கோமதிதான அண்ணா, சேதிய சொல்லிட்டு ரெண்டு விரலக் காட்டினா. அன்னிக்கே போய் ரெண்டா வாங்கிட்டேன்" என்றான்.

"அரே, நான் எப்போ காட்டினேன்? எனக்கே அப்போ தெரியாதே!" என்றாள் அவள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த லேப்டாப்பின் மூடி தானாக நிற்காது, ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தாள், மறு கையில் மைக். நாற்பது நிமிஷமும் அப்படியேதான் இருந்தாள். நானோ குல்கர்ணியோ விரல் எதையும் காட்டவில்லை.

செல்வத்திடம் இதைச் சொன்னேன். ஒன்றை மடியிலும் ஒன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தான். "யார் கையா இருந்தா என்ன அண்ணா, சரியாத்தான சொல்லிச்சு!"

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் இன்றைக்கும் கேமரா முன்னால் உட்கார்ந்து யாரிடமாவது பேசினால், திரையில் என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளாமல் என்னால் இருக்க முடிவதில்லை.