இடப்பக்கமிருந்து படித்த ரோபோ

2009 வாக்கில் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு மதியம் ஈ ஓட்டுவோம். அப்போது கடலூர் ஓ.டி.யிலிருந்து பஸ் பிடித்து வருவான் என் சிநேகிதன், வெல்டர். சின்ன வயதில் இருவரும் டிவியில் ஒரு ரோபோத் தொடரைப் பார்த்தோம். ரோபோவுக்குள் ஏறினவன் வீடு திரும்புவானா என்பதுதான் கதை. கடைசிப் பாகம் ஓடும்போது கரண்ட் போய்விட்டது.

அந்தப் பழைய தொடரை ஜப்பானில் யாரோ படக்கதையாக வரைந்திருந்தார்கள். முகம் தெரியாத ரசிகர்கள் அதை இங்கிலீஷில் மாற்றி இணையத்தில் ஏற்றினார்கள். மங்கா என்று பெயர். ஞாயிறுதோறும் இருவரும் சென்டரில் உட்கார்ந்து அதைப் படித்தோம். பக்கத்துக் கடை அக்கா காதில் அது மாங்காவாக விழுந்தது. “வாராவாரம் அப்டி என்னா மாங்கா? உப்பு மொளகாத்தூள் தரட்டா?” என்பார்.

என் சிநேகிதனுக்கு துபாய் விசா வந்திருந்தது. அதுவரை ஊர்விட்டு ஊர் போய் வேலை பார்க்காதவன். “அவன் வூடு வந்து சேந்தானான்னு தெரிஞ்சிக்கினு போயிட்டா நிம்மதி மாமா” என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் போனிலும் அதையே சொன்னான்.

“இந்த ரோபோ தோள்ல வெல்டு நிக்காது மாமா. மொத ஒதையிலயே பிச்சிக்கும்.”

“நீ போய் ஒட்டிட்டு வா மச்சான்.”

ஒரு விஷயம் மட்டும் எங்களைக் குழப்பியது. எதிரி கேட்கும் முன்பே நாயகன் பதில் சொன்னான். அடி விழும் முன்பே சுருண்டு கிடந்தான். “இவனுக்கு அடுத்தவன் மனசு தெரியும்டா” என்றேன். “அதான் ரோபோ இவனயே புடிச்சிக்கிச்சு” என்றான். இரண்டு மாதம் இதே பேச்சு. ரசிகர்கள் பேசிக்கொள்ளும் தளத்தில் தட்டுத்தடுமாறி எழுதியும் போட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை.

அவன் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு புதுப் பகுதி வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டே படங்கள். இடப்பக்கம் ரோபோவின் நெஞ்சுக் கதவில் நாயகனின் கை. வலப்பக்கம் வீட்டு வாசலில் நின்று “அம்மா” என்கிறான்.

“எறங்கி வந்துட்டான் மாமா!” என்று என் முதுகில் ஓங்கி அறைந்தான். பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பைக்குள் அடங்காததால் பனியனுக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினான்.

அவன் விமானம் ஏறிய மறுவாரம் பரங்கிப்பேட்டை நண்பர் ஒருவர் பாஸ்போர்ட் ஸ்கேன் எடுக்க வந்தார். சின்னதிலிருந்து அரபி ஓதியவர். நான் விரல் வைத்துக் கதையை விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “ஏன் மாமா விரல இப்டி கொண்டு போறீங்க?” என்றார். முதல் பகுதியின் முதல் பக்கத்தைத் திறந்தார். விளம்பரம் என்று நாங்கள் தாண்டிப்போன பக்கம். வலமிருந்து இடமாகப் படிக்கவும் என்று அம்புக்குறி போட்டிருந்தது.

“நாங்க கிதாபு ஓதற மாதிரிதான் இதுவும். ரெண்டு மாசமா தலகீழா படிச்சிருக்கீங்களே, சரியான மாங்கா மடையனுங்க!”

அவர் போனபின் கடைசிப் பக்கத்தை வலமிருந்து பார்த்தேன். வாசலில் நின்று “அம்மா” என்று விடைபெறுகிறான். பிறகு கதவில் கை வைத்து உள்ளே ஏறுகிறான். அதற்குப் பிறகு என்ன ஆனான் என்று தேடினேன். மொழிபெயர்த்தவர்கள் அத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஜப்பானிய மொழியில் கிடைத்தாலும் எனக்கு என்ன புரியும்?

வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து அவன் கூப்பிட்டான்.

“பாஸ்போர்ட்ட கம்பெனியில வாங்கி வச்சிக்கினாங்க மாமா. கேட்டா அப்பறம் அப்பறம்ங்கறாங்க. அந்தப் பேப்பர கட்டிலாண்ட ஒட்டியிருக்கேன். ரூம்ல எல்லாரும் என்னான்னு கேக்கறானுங்க.”

“நீ என்னா சொன்ன?”

“வூடு வந்துட்டான்னு சொன்னேன். வந்துட்டான்ல?”

லைனில் பின்னால் யாரோ இருமினார்கள்.

“வந்துட்டான்டா” என்றேன்.