மஞ்சளைச் சிவப்பென்று சொன்ன மத்தியானம்

அந்த ஐப்பசியில் பதுளையில் மழை விடவே இல்லை. எங்கள் அலுவலகம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறை. எந்தத் தேயிலைத் தோட்டத்தில் எந்த லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், சுவர் வெடித்திருக்கிறது, எதற்கு மேல் மண் சரியக்கூடும் என்று போய்ப் பார்த்து வரைபடமாக்குவது வேலை. அலுவலகத்தில் நானும் பொறுப்பாளரும் ஒரு கணினியும்தான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். நான் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு இன்னும் அந்த லயத்தில்தான் இருந்தாள்.

எங்கள் வரைபட மென்பொருள் இலவசமானது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம். ஆனால் அதனோடு வந்த சின்னங்கள் எங்களுக்கு உதவவில்லை. விமான நிலையத்துக்குச் சின்னம் இருந்தது, பனிச்சறுக்குக்கும் இருந்தது. வெடித்த சுவருக்கு ஒன்றும் இல்லை. தேடித்தேடி, யாரோ இலவசமாகப் போட்டிருந்த ஒரு சின்னத் தொகுப்பைக் கண்டுபிடித்தேன். எங்கள் தொலைபேசி இணைப்பில் அது இறங்கி முடிய ஒரு நாள் முழுக்கப் போனது. போல்டரைக் கணினியில் போட்டு மென்பொருளைத் திறந்தபோது அவ்வளவு சின்னங்களும் வரிசையாக வந்து நின்றன. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குத் தொட்டில் வைத்தேன். கவனிக்கவேண்டிய லயங்களுக்கு மஞ்சள் முக்கோணம், உடனே ஆட்களை வெளியேற்றவேண்டிய லயத்துக்குச் சிவப்பு. கொஸ்லந்தைப் பக்கம் சிவப்பு ஒன்றே ஒன்றுதான்: மேட்டு லயம். அதன் பின்சுவர் வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. அக்காவின் லயம் மஞ்சள்.

மென்பொருளில் தமிழ் எழுத்துகள் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து விழுந்தன. அதனால் ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டேன். சின்னங்களே போதும் என்று நினைத்தேன்.

மழை வலுத்த மூன்றாம் நாள் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், அவசரக் கூட்டம் வைத்தார்கள். பொறுப்பாளர் வரைபடத்தைப் பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னார். வரைபடக் கோப்பை மட்டும் போட்டுக் கொடுத்தேன். சின்னங்கள் அந்தக் கோப்புக்குள் இல்லை, என் கணினியில் வேறொரு போல்டரில் இருக்கின்றன என்பது எனக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் எங்கள் அலுவலகத்தில் மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, என்ன இது? படம் முழுக்கக் கேள்விக்குறியாக் கிடக்கு. ஒரு அடையாளத்தையும் காணேல்லை."

போல்டரைப் போடாமல் விட்டது அப்போதுதான் புரிந்தது. "கரண்டு இல்லீங்க சேர். கம்பியூட்டர திறக்க முடியாது."

"கொஸ்லந்தையிலை ஒரு லொறிதான் நிக்குது. மலையிலையிருந்து சேத்துத் தண்ணி வரத் துவங்கிட்டுதாம். சிவப்பு ஒண்டெண்டு சொன்னனீர். அது எது? கெதியாச் சொல்லும்."

மேட்டு லயம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணுக்குள் அக்காவின் சின்னவள் வந்தாள். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

"கோயிலுக்குக் கீழ இருக்கிற பெரிய லயம் சேர்," என்றேன்.

"சரி," என்று வைத்துவிட்டார்.

சொன்னது என் குரல்தானா என்று இருந்தது. மேட்டு லயத்தில் சுவரைக் காட்டிய அம்மா எனக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, "எழுதிக்கிட்டுப் போறீங்க, யாராச்சும் வருவாங்களா?" என்று கேட்டிருந்தாள். வருவாங்க என்று சொல்லியிருந்தேன். திரும்பக் கச்சேரிக்கு எடுத்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி எடுத்தேன். கிடைக்கவில்லை.

குடையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. படியிறங்கி மழையில் ஓடினேன். முழு ஊரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் தேடி மலை இறங்கி வருவதுபோல ஒரு பயம். கச்சேரி வாசலில் காவல்காரர் மறித்தார். "சேரப் பாக்கணும்" என்று அழுதேன். விட்டுவிட்டார்.

பொறுப்பாளர் கேள்விக்குறிகள் நிறைந்த திரைக்கு முன்னால் நின்றார். சுற்றிலும் அதிகாரிகள்.

"சேர், நான் சொன்னது பொய்ங்க. சிவப்பு மேட்டு லயம். நான் சொன்னது எங்க அக்கா இருக்கிற லயம்."

என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுத்து, லொறியோடு போயிருந்த கிராம சேவகரின் இலக்கத்தை அழுத்தினார். நாலைந்து தரம் முயன்றபின் கிடைத்தது. லொறி பெரிய லயத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

"ஏத்தினவையை இறக்க வேண்டாம். பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு நேர மேட்டு லயத்துக்குப் போங்கோ. நிக்க வேண்டாம்."

அதன்பின் ஒரு மூலையில் நின்றேன். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டி என் காலடியில் தேங்கியது. யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு தடவை தொலைபேசி அடித்தபோதும் அந்த அம்மாவின் குரலே காதில் கேட்டது. மேட்டு லயத்தில் ஆறு குடும்பம். பெயர்கள்கூட எனக்குத் தெரியும், நானே எழுதினவை.

கடைசியில் செய்தி வந்தது. லொறி போனபோது மேட்டு லயத்தில் யாரும் இல்லை. பின்சுவர் இரண்டு குடும்பங்களின் காம்பராக்களுக்குள் விழுந்து கிடந்தது. யாருக்காகவும் காத்திராமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவர்களே தேயிலைக்குள்ளால் நடந்து போயிருந்தார்கள். வழியில் லொறி அவர்களைக் கண்டு ஏற்றியது. எல்லாரும் இருந்தார்கள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னேரம் மின்சாரம் வந்ததும் இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். பொறுப்பாளர் திட்டுவார், வேலையை விடச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் நனைந்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"அந்தச் சின்னங்கள் இருக்கிற போல்டர் எது?"

காட்டினேன். அதையும் வரைபடத்தையும் ஒன்றாக ஒரே இடத்தில் வைத்து இரண்டு பிரதி எடுக்கச் சொன்னார். பிறகு ஒரு தாளைத் தந்து, எந்தப் புள்ளி எது என்று கையால் எழுதச் சொன்னார். எழுதினேன். பெரிய லயத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

"மஞ்சள் எண்டு எழுதும்," என்றார். அதற்குமேல் அந்த விஷயத்தை அவர் ஒருபோதும் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு, நான் தரும் ஒவ்வொரு படத்தையும் என் முன்னாலேயே இன்னொரு தரம் சரிபார்த்தார்.

அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்தில் அக்காவைப் பார்த்தேன். சின்னவளை என் மடியில் போட்டுவிட்டு, "எங்களுக்குத்தாண்டி மொதல்ல லொறி வந்துச்சு. ஒங்க ஆபீஸ்ல நல்லாப் பாத்துக்கிறாங்க," என்றாள். பக்கத்துப் பாயில் மேட்டு லயத்து அம்மா இருந்தாள். அவள் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். எழுந்து போய்விடவேண்டும் போல இருந்தது. பிள்ளை மடியில் தூங்கிவிட்டதால் அப்படியே இருந்தேன்.