புள்ளி வைத்த ஃபோல்டர்

1. கட்டைப்பை

கோயம்புத்தூரில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மறுநாள். ராஜபாளையத்தில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஏட்டையா ஒரு கட்டைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் நின்றார். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அன்றைக்கு என்னவோ மெதுவாகப் பேசினார்.

"எம்மா சாந்தி, இதுக்குள்ள டீச்சர் கொரலு இருந்துச்சு. இப்ப இல்ல. எப்படியாச்சும் எடுத்துக் குடும்மா."

டீச்சர் என்று அவர் சொன்னது தன் மனைவியை. டீச்சர் உயிரோடுதான் இருந்தார், குரல்தான் போயிருந்தது. தொண்டையில் புற்றுநோய் என்று மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அவருடைய பேச்சில் மிச்சம் இருந்ததெல்லாம் அந்தக் கட்டைப்பைக்குள் இருந்த லேப்டாப்பில்தான். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, பேசிப் பதிந்து வைக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். பையிலிருந்து எடுத்து ஆன் செய்தேன். விண்டோஸ் வந்து நின்றது. நான் போட்ட லினக்ஸைக் காணோம்.

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். எந்தக் கோளாறுக்கு எந்தக் கமாண்ட் என்பதெல்லாம் நெட்டில் கொட்டிக் கிடக்கிறது, அதை நான் எழுத வேண்டாம். மில்லில் சிஸ்டம் செக்‌ஷனிலும் பிறகு சொந்தக் கடையிலும் எத்தனையோ மெஷின் பார்த்திருக்கிறேன். மனசைவிட்டுப் போகாத மெஷின் இது ஒன்றுதான். அதனால் இதையே எழுதுகிறேன்.

2. யூசர் நேம்

முதல் தடவை டீச்சர் அந்த லேப்டாப்போடு வந்தபோது அவருக்கு நோய் இருப்பது தெரியாது. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். லேப்டாப் பழசு, ரேம் கம்மி, விண்டோஸ் அதில் ஊர்ந்துகொண்டிருந்தது. தூக்கிப் போடுங்கள் என்று வேறொரு கடையில் சொல்லிவிட்டார்களாம். நான் வழக்கமாகப் பாடுகிற பாட்டைப் பாடினேன். லினக்ஸ் போட்டால் ஓடும், காசு கிடையாது, வைரஸ் தொல்லையும் அவ்வளவாக இல்லை என்றேன்.

"ஓசியில கிடைக்கிறது நல்லாருக்குமாம்மா?" என்று ஏட்டையா வாசலிலிருந்தே சந்தேகப்பட்டார்.

"காத்து ஓசிதான. நல்லாத்தான இருக்கு?" என்று டீச்சர் திருப்பிக் கேட்டார்.

இன்ஸ்டால் பாதியில் யூசர் நேம் கேட்கும். என்ன போடட்டும் என்றேன்.

"அவிய பேரப் போடு."

"என்ன பேரு டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது. "சாமி கையில வச்சிருக்காருல்ல, அது" என்றார்.

"வேலா? வேல்முருகனா? சக்திவேலா?"

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைசியில் ஏட்டையாவே சத்தம் போட்டார். "வேலுச்சாமின்னு போடும்மா! கலியாணம் ஆனதுலருந்து ஒரு தடவ சொன்னதில்ல. போஸ்ட்மேன் வந்து கேட்டாலும் என்னையத்தான் கை காட்டுவா."

நானும் லேசுப்பட்டவள் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் பேரை ரேஷன் கடையில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன். எங்கள் வயதுப் பெண்களுக்கு அது நாக்கிலேயே வராது. ஊர்க்காரர்களுக்கு அவர் ஏட்டையா, டீச்சருக்கு 'இந்தாங்க'. வேலுச்சாமி என்று பேர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. ஒருத்தருக்கு ஒருத்தர்தான் பேச்சுத்துணை.

பிறகு ஒரு நாள் டீச்சர் தனியாக வந்தார். குரல் ஏற்கெனவே கம்மிப் போயிருந்தது.

"ஆபரேசனுக்கு நாள் குறிச்சாச்சு சாந்தி. பொறவு பேச முடியாதாம். இருக்கும்போதே பேசி வச்சுக்கிடலாமா?"

நான் லேப்டாப்பைத் திறந்தேன். ரெக்கார்டு செய்து பார்த்தால் வெறும் இரைச்சல்தான் வந்தது. டெர்மினலில் சவுண்ட் மிக்ஸரைத் திறந்து பார்த்தேன். உள் மைக்குக்குப் பதிலாக, எதுவும் செருகாத வெளி மைக் தேர்வாகியிருந்தது. குரலைப் பதிகிற கேப்சர் என்ற கோடும் அடைத்துக் கிடந்தது. மைக்கை மாற்றி, ஸ்பேஸ் பாரைத் தட்டித் திறந்துவிட்டேன். இப்போது பேசுங்கள் என்றதும் டீச்சர் குனிந்து, "சாப்பிட வாங்க" என்றார். அதுதான் முதல் ஃபைல்.

ஆபரேஷனுக்குள் வீட்டில் உட்கார்ந்து நிறையப் பேசி வைத்தார். 'மாத்திரை போட்டாச்சா', 'வெளக்க அமத்துங்க', 'அந்தச் சட்ட வேண்டாம்', 'சும்மா இருங்க'. ஒவ்வொன்றும் தனி ஃபைல், சொன்ன வார்த்தைதான் ஃபைலின் பேர். அடிக்கடி வேண்டியதற்கு ஒரு கீயை ஒதுக்கிக் கொடுத்தேன். மற்றதைப் பேரைப் பார்த்துத் திறந்துகொள்ளலாம்.

"இதுல அவிய கண்ணுல படாம ஒண்ண வைக்க முடியுமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

லினக்ஸில் அது சுலபம். ஃபோல்டர் பேருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் மறைந்துவிடும். கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அமுக்கினால் தெரியும். செய்து காட்டிவிட்டு, "என்ன டீச்சர், நகையா?" என்றேன்.

"ஒனக்கெதுக்குட்டி அது?" என்று சிரித்தார். நானும் அதை மறந்துபோனேன்.

ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வைக்கச் சொல்லி ஏட்டையாவிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "வீட்டுக்குள்ள கெடக்குற கொரலுக்கு எதுக்கும்மா நகலு?" என்று சொல்லிவிட்டார்.

3. டி டிரைவ்

ஆபரேஷன் முடிந்து டீச்சர் வீடு திரும்பிய பிறகு ஏட்டையாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே புலம்பல். "முன்னைக்கு இப்பத்தாம்மா அதட்டு ஜாஸ்தி. பட்டன அமுக்குனா போதும், எந்த ரூம்ல இருந்தாலும் கேக்குது." புலம்பலில் ஒரு சந்தோஷம் இருந்ததை நான் கவனித்தேன்.

நான் மகள் வீட்டில் இருந்த சமயம், அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருக்கிறது. அந்த லேப்டாப்பில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. திரும்ப ஆன் செய்தால் கருப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரே ஒரு வரி. பார்க்கத்தான் பயமாக இருக்கும். பென் டிரைவில் லினக்ஸைப் பூட் செய்து, லினக்ஸைக் கிளப்பிவிடுகிற கிரப்பைத் திரும்ப எழுதினால் சரியாகிவிடும். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல ஏட்டையா?"

"பிள்ள பெத்த வீட்டுல போயி நம்ம கோளாறச் சொல்லவா? நல்லாருக்குமா?"

அதனால் அவர் ஊரிலேயே ஒரு கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவன் பார்த்துவிட்டு, "ஓ.எஸ். போயிருச்சு ஏட்டையா. விண்டோஸ் போட்டுத் தாரேன். உள்ள ஏதும் முக்கியமானது இருக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

ஏட்டையா ஸ்டேஷனில் கம்ப்யூட்டரோடு காலம் தள்ளியவர். அங்கே அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஃபார்மட் என்றால் சி டிரைவ்தான் போகும், டி டிரைவில் இருப்பது பத்திரம். அந்தத் தைரியத்தில், "சி-ய மட்டும் அழி. டி-ல கை வச்சிராத, அதுலதான் டீச்சர் பேச்சு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரனும் சரி என்றிருக்கிறான். அவனுக்கும் அதே பாடம்தான்.

லினக்ஸில் சியும் கிடையாது, டியும் கிடையாது. விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு லினக்ஸ் பார்ட்டிஷன் என்னவென்றே புரியாது. பேரில்லாத இடமாகத்தான் காட்டும். டி என்று எதுவும் தெரியாததால், இதில் ஒன்றுமே இல்லை என்று முழு டிஸ்கையும் அழித்துப் போட்டுவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏட்டையாவைத் திட்டலாம் என்று பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை.

"வீட்டுக்குக் கொண்டு போயி திறந்து குடுத்தேன். தேடு தேடுன்னு தேடுனா. பொறவு ஒரு தாளுல 'நான் எங்க'ன்னு எழுதிக் காட்டுதா. நான் என்னத்தம்மா சொல்லட்டும்?" என்றார். பெரிய மீசை வைத்த மனுஷன், என் கடைப் படியில் உட்கார்ந்து அழுதார்.

4. நம்பர்கள்

இந்த மாதிரி நேரத்தில் முதல் வேலை, மெஷினை அணைப்பது. ஓடிக்கொண்டிருந்தால் பழசின் மேல் புதுசை எழுதிக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அப்படியே முழுதாக வேறொரு டிஸ்கில் நகல் எடுத்தேன். மூலத்தைத் தொடாமல், என் லேப்டாப்பில் அந்த நகலை மாட்டி, அழிந்ததை மீட்கிற ரெக்கவரி டூலை ஓடவிட்டேன். விண்டோஸ் உட்கார்ந்த இடத்தில் இருந்ததெல்லாம் போனது போனதுதான். உட்காராத இடத்தில் இருந்தவை வரும், ஆனால் பேரோடு வராது. வெறும் நம்பராக வரும்.

அப்படித்தான் வந்தன. எது 'சாப்பிட வாங்க', எது 'வெளக்க அமத்துங்க' என்று போட்டுக் கேட்டால்தான் தெரியும். போட்டுக் கேட்டு நானே பேர் வைத்திருக்கலாம். அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது. டீச்சரையே கூட்டி வரச் சொன்னேன்.

டீச்சரைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனேன். கழுத்தில் சுற்றிய துண்டு, பாதியாகிப் போன உடம்பு. நோய் திரும்பி வந்துவிட்டது என்பதை ஏட்டையா என்னிடம் சொல்லவே இல்லை. அவர் உள்ளே வராமல் எதிர் டீக்கடையில் போய் நின்றுகொண்டார்.

நான் ஒவ்வொரு நம்பராகத் தட்டினேன். ஸ்பீக்கரில் டீச்சர் பேசினார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் தலையாட்டிவிட்டுப் பேரை டைப் செய்தார். சிலது முழுசாக இருந்தது. சிலது 'மாத்திரை போட்' என்று அறுந்தது. அறுந்ததற்கெல்லாம் டீச்சர் கையை விரித்து, போகட்டும் என்று காட்டினார். தன் குரலைத் தானே கேட்டு அடையாளம் சொல்வது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஒரு நம்பரைத் தட்டினேன். மெல்லிய குரல். யாருக்கும் கேட்கக் கூடாது என்று வாயருகே மைக்கை வைத்துப் பேசிய குரல்.

"வேலு..."

அதோடு அறுந்துவிட்டது. டீச்சர் சட்டென்று லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு, எதிர் டீக்கடையைப் பார்த்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. புள்ளி வைத்த ஃபோல்டரில் என்ன இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மெதுவாகத் திறந்து டைப் செய்தார். "முழுப் பேரும் சொல்லி ரொம்ப நேரம் பேசியிருந்தேன். மிச்சம் வருமா?"

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வேறு டூல் போட்டும் பார்த்தேன். வரவில்லை. வராது என்று சொல்ல வேண்டியவள் நான்தான், சொன்னேன்.

"என்ன பேசுனீங்கன்னு டைப் பண்ணியாவது குடுங்க டீச்சர். நான் பத்திரமா வைக்கேன்."

டீச்சர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு டைப் செய்தார். "எழுதுறதுன்னா எப்பவோ எழுதியிருப்பேன். வாயால சொல்லணும்னுதான் வச்சேன்."

டீச்சருடைய லேப்டாப்பில் மறுபடியும் லினக்ஸ் போட்டு, எல்லா ஃபைலையும் ஏற்றி, பழையபடி கீகளையும் ஒதுக்கினேன். அந்தப் பாதி ஃபைலைப் புள்ளி வைத்த ஃபோல்டரிலேயே வைக்கச் சொன்னார். "நான் போன பொறவு அவியளுக்குக் காட்டு" என்று டைப் செய்தார்.

"என்ன பேச்சு டீச்சர் இது?" என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

டீச்சர் ஒரு கீயை அமுக்கினார். "சும்மா இருங்க" என்றது லேப்டாப்.

5. கண்ட்ரோல் எச்

ஆடிப்பூரத் தேர் ஓடி முடிந்த மறுவாரம் டீச்சர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஏட்டையா அதே கட்டைப்பையோடு வந்தார்.

"மெசினு நல்லாத்தாம்மா ஓடுது. வீட்ல இருக்க முடியல, அதான் வந்தேன்" என்றார்.

லேப்டாப்பை வாங்கி, கண்ட்ரோலும் எச்சும் அமுக்கினேன். மறைந்திருந்த ஃபோல்டர் வெளியே வந்தது. டீச்சர் உங்களுக்காக வைத்தது என்று சொல்லிவிட்டு ஃபைலைத் தட்டினேன்.

"வேலு..."

ஏட்டையா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னட்டி?" என்றார். தன்னை அறியாமல்தான் சொன்னார். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார், போட்டேன்.

"எங்க அம்மா போன பொறவு என்னைய வேலுன்னு யாரும் கூப்புட்டதில்லம்மா. இவளுக்கு எப்படித் தோணிச்சு பாரேன்."

அவர் முகத்தில் அழுகையோடு ஒரு பெருமை இருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இம்புட்டுத்தான் சொன்னாளா?"

பிள்ளைகளா, இந்த வேலையில் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மெஷினை அழிக்கும் முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள், நீங்களே திறந்து பாருங்கள். கஸ்டமர் சொல்கிற சியையும் டியையும் நம்பாதீர்கள். காப்பி எடுக்கச் சொல்லாதீர்கள், கையோடு எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு நானே கடையிலிருந்து இரண்டு பென் டிரைவை எடுத்து, இரண்டிலும் காப்பி போட்டு ஏட்டையா சட்டைப் பையில் வைத்தேன். கஸ்டமரிடம் உண்மையை மறைக்கக் கூடாது, எது வந்தது, எது போனது என்று உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அவரிடம் மட்டும், "இம்புட்டுத்தான் ஏட்டையா" என்றேன்.