அண்ணைக்கு ஊற்றிய விஸ்கி

நான் இருக்கிற ஊரில் சுவர்கள் கறுப்பு. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் மழையும் காற்றும் ஓயாத ஒரு சிறிய பட்டினம் அது. விஸ்கிப் பீப்பாக்களை அடுக்கி வைக்கும் பெரிய கிட்டங்கிகள்தான் அந்த ஊரின் சீவியம். மரப்பீப்பாவுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும் விஸ்கி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியே போகும். அந்த ஆவியைத் தின்று வளர்கிற ஒரு பூஞ்சணம் சுவர், கூரை, மரக்கொம்பு, தெருப்பலகை என்று எதையும் விடாமல் கரி பூசியது போலப் படிந்துவிடும். வந்த புதிதில் பஸ் யன்னலால் பார்த்தபோது எல்லாம் எரிந்த வீடுகள் என்றே நினைத்தேன். சண்டை நடந்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரியிடம் யார் எரித்தது என்று கேட்டேன். "ஏஞ்சல்ஸ், டியர்" என்றாள். ஏஞ்சல் என்றால் சம்மனசு. குருநகரில் என்னோடு படித்த கத்தோலிக்கச் சிநேகிதன் தலைமாட்டில் படமாய் ஒட்டி வைத்திருந்தானே, செட்டை முளைத்த பிள்ளை, அதுதான். சம்மனசுகள் ஏன் வீட்டை எரிக்கின்றன என்று நான் குழம்பிப்போனேன். அவளுக்கு மூளை பிசகு என்று நினைத்து, அடுத்த தரிப்பில் வேறு இருக்கை தேடிப் போய்விட்டேன்.

பிறகுதான் விளங்கிற்று. ஆவியாகப் போகிற விஸ்கியை அவர்கள் சம்மனசுகளின் பங்கு என்கிறார்கள். அந்தக் கிட்டங்கிகளில் ஒன்றில்தான் பத்தொன்பது வருடமாக எனக்கு வேலை. பீப்பா உருட்டுவது, அடுக்குவது, மூடி இறுகியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. விஸ்கியைச் சுவை பார்த்துத் தரம் சொல்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் வெள்ளைக் கோட்டோடு வருவார்கள். நாங்கள் கையுறையோடு ஒதுங்கி நிற்போம். ஆனால் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிற என் கூட்டாளிமாருக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அவர்களுக்கு நான் விஸ்கிப் புலவன். ஊருக்குப் போக டிக்கெட் போட்டவுடன் எனக்கு ஒரு போன் வந்துவிடும்: "மச்சான், யாழ்ப்பாணத்திலை கடற்கரையோரமா இருந்து நல்ல விஸ்கி குடிக்க எங்கை போகலாம்?"

இவ்வளவு நாளும் ஏதோ சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன். இனி எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். காரைநகருக்குப் போங்கள். சவுக்கு மரங்களுக்கு நடுவே, கடலைப் பார்த்தபடி ஒரு விடுதி வந்திருக்கிறது. உள்ளே நடந்துபோனால் இடுப்பளவு தண்ணீர் வர முன்னமே கால் சோர்ந்துவிடும், அவ்வளவு ஆழமில்லாத கடல். மேற்குப் பக்கம் ஆறு மேசைகள். பரிமாறுகிறவருக்கு வேலை தெரியும். அடி பருத்து வாய் ஒடுங்கிய சரியான கிளாசில் ஊற்றி, பக்கத்தில் ஒரு சின்னச் சாடியில் தண்ணீரும் வைப்பார். நான் வேலை செய்கிற இடத்துப் போத்தல்கூட அங்கே இருக்கிறது. விலாசம் அவ்வளவுதான். அந்த மேசையில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொன்னால்தான் எழுதியது முழுமையாகும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நேரம் சுவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணை சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிறார். என்னைவிட மூன்று வயது மூப்பு. மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு ஓட்டோ வைத்திருக்கிறார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இங்கிலீசுப் பேப்பரை விரல் வைத்து மெதுவாக வாசிப்பார், ஆனால் கதைக்கமாட்டார். எனக்கு முதன்முதல் சாராயம் ஊற்றித் தந்தவரும் அவர்தான். எனக்கு அப்போது பதினெட்டு. புகையிலையைப் புகை போட்டுப் பதப்படுத்துகிற எங்கள் குடிலுக்குப் பின்னால், இரண்டு பேரும் சட்டை இல்லாமல் குந்தியிருந்தோம். குடிக்க முன் அண்ணை சுட்டுவிரலைக் கிளாசுக்குள் தோய்த்து மூன்று தரம் நிலத்தில் சுண்டினார். ஏன் என்று கேட்டேன். "செத்ததுகளுக்கடா. அதுகளுக்கும் விடாய் இருக்குமெல்லே" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விட்டார், புறங்கையால் வாயைத் துடைத்தார், எனக்கு ஒரு மாங்காய்த் துண்டை நீட்டினார்.

எங்களைப் பெற்ற ஐயா செத்தபோது நான் போகவில்லை. அப்போது என்னிடம் விசா இல்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது. கொள்ளி வைத்ததும் அண்ணைதான், எல்லாம் அண்ணைதான். செத்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் படைக்கிற எட்டுச்செலவு அன்று போனில் காட்டினார். வாழையிலையில் மீன் பொரியல், இறைச்சிக் கறி, பக்கத்தில் சுருட்டு. ஒரு கிளாசில் விஸ்கி. நான் முந்தின வருடம் தெரிந்தவர் மூலம் கொடுத்துவிட்ட போத்தலை ஐயா உடைக்காமல் அலுமாரிக்குள் வைத்திருந்தாராம். "உன்ரை பங்குக்கு இதை வைச்சிருக்கிறன் தம்பி" என்று அண்ணை போனுக்குள் சொன்னார். இருபது பேர் நிற்கிற வீட்டில் நான் அந்தக் கிளாசாக மட்டும்தான் இருந்தேன்.

அதனால்தான் போன ஆவணியில் ஊருக்குப் போனபோது அண்ணைக்கு நல்ல விஸ்கி ஒன்று ஊற்றிக் கொடுக்க ஆசைப்பட்டேன். விடுதியில் இரண்டு கட்டில் உள்ள அறையாக எடுத்தேன். அண்ணை முதலில் மறுத்தார், பிறகு மாற்று வேட்டியையும் துவாயையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அவருடைய ஓட்டோவில்தான் போனோம். நான் பின்னுக்கு ஏறவில்லை. சின்ன வயதில் சைக்கிள் பாரில் இருந்தது போல, முன் சீற்றில் அவரோடு ஒட்டிக்கொண்டு போனேன். பொன்னாலைப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது, "எடேய், விழுந்திடாதை, உன்ரை மனிசிக்கு நான் பதில் சொல்லேலாது" என்று ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி இருந்தது. எடின்பரோவிலிருந்து வந்தவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். நான் ஸ்கொட்லாந்தில் இருக்கிறேன் என்றவுடன் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். என்ன வேலை என்று கணவர் கேட்டார். "ஐ ஆம் இன் விஸ்கி" என்றேன். பொய்யில்லை. பீப்பா உருட்டுகிறவனும் விஸ்கிக்குள்தான் இருக்கிறான். ஆனால் அவருடைய புருவம் உயர்ந்த விதத்தில், வெள்ளைக் கோட்டுக்காரர்களில் ஒருவனாக என்னை எடுத்துக்கொண்டார் என்பது தெரிந்தது. நான் திருத்தவில்லை. திருத்தாதது மட்டுமில்லை, கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், சுழற்றினேன், மூக்கை வைத்தேன். பத்தொன்பது வருடம் ஒதுங்கி நின்று பார்த்ததையெல்லாம் அன்றைக்கு நடித்துத் தீர்த்தேன்.

"அண்ணை, உடனை குடிக்கக் கூடாது. முதல் மணந்து பாருங்கோ" என்றேன். அண்ணை பொறுமையாக மணந்தார். கண் விரிந்தது.

"எடேய், எங்கடை புகையிலைக் குடிலுக்கை நிக்கிற மாதிரிக் கிடக்கடா."

இதைவிடச் சரியாக அந்த விஸ்கியை யாரும் சொல்ல முடியாது. நிலக்கரிபோல ஒரு மண்ணை எரித்து, அந்தப் புகையில் காயவைத்த தானியத்தில் செய்வது அது. அண்ணை என்ன சொல்கிறார் என்று வெள்ளைக்காரர் ஆவலாகக் கேட்டார். "நல்லாயிருக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தேன். குடிலைப் பற்றிச் சொன்னால் தோட்டத்தைச் சொல்ல வேண்டும், தோட்டத்தைச் சொன்னால் நான் எங்கே இருந்து வந்தவன் என்பதைச் சொல்ல வேண்டும். அண்ணைக்கோ பெருமை தாங்கவில்லை. வெள்ளைக்காரர் என்னைக் காட்டி ஏதோ புகழ்வதைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி, குனிந்து, பீப்பா உருட்டிக் காட்டினார். தம்பி எவ்வளவு பெரிய பீப்பாவெல்லாம் உருட்டுகிறான் என்று. எனக்குக் காது சுட்டது. பிறகு நிமிர்ந்து, விரலைக் கிளாசுக்குள் தோய்த்து, "ஐயாவுக்கு" என்று சொல்லி மூன்று தரம் சுண்டினார். கடைசிச் சொட்டு அந்த அம்மாவின் செருப்பில் போய் விழுந்தது.

அவள் "ஓ!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நக்கலாகக் கேட்டது. "இவர் உங்கள் அண்ணனா? இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு" என்றாள்.

"இல்லை, இல்லை. எங்கள் ட்றைவர்."

வாயிலிருந்து அது எவ்வளவு சுகமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் விடவில்லை. "நீங்கள் அவரை ஏதோ சொல்லிக் கூப்பிட்டீர்களே, அன்னே என்று? எங்கள் வழிகாட்டி அதற்கு மூத்த சகோதரன் என்றல்லவா அர்த்தம் சொன்னார்?" என்றாள். நான் விஷயம் தெரிந்தவன் போலச் சிரித்தேன். "யாழ்ப்பாணத்தில் வயது கூடின ஆரையும் அப்படித்தான் கூப்பிடுவது. பஸ் கொண்டக்ரரும் அண்ணைதான், கடைக்காரரும் அண்ணைதான். அதில் ஒன்றுமில்லை" என்றேன். அதுவும் பொய்யில்லை. அதுதான் என் கெட்டித்தனம். எங்கள் மொழியிலிருந்தே ஒரு நல்ல சொல்லை எடுத்து, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ட்றைவரையும் மேசையில் கூட இருத்திக் குடிக்கக் கொடுக்கிறீர்களே, நல்ல மனது உங்களுக்கு" என்றாள் அவள். "ஆனால் அவர் வாகனம் ஓட்ட வேண்டுமே?"

அண்ணை கிளாசை வாயருகே கொண்டுபோயிருந்தார். அதை மெதுவாக மேசையில் வைத்தார். ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. ஸ்கொட்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இங்கிலீசு சரளமாகக் கதைக்க வராது என்பதால் விளங்கவும் விளங்காது என்று நினைத்து, வெள்ளைக்காரப் பெடியள் என் முன்னாலேயே என்னைப் பற்றிக் கதைப்பார்கள். எல்லாம் விளங்கும். கீழே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதே காரியத்தை என் கூடப்பிறந்தவருக்கு நான் செய்திருக்கிறேன் என்பது அவர் கிளாசை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவும் ட்றைவர் என்ற சொல்லுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் தேவையில்லை.

அண்ணை எழும்பினார். வேட்டியைச் சரி செய்தார். முகத்தில் கோபம் இல்லை.

"ட்றைவர்மார் குடிக்கக் கூடாதெல்லே, சேர். நான் வாகனத்தடியிலை நிக்கிறன்."

அவர் போன பிறகு வெள்ளைக்காரர், அந்தச் சொட்டுகள் எதற்கு என்று கேட்டார். அவர் மனைவி சிரித்தது சந்தோசத்தில்தான் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. செத்தவர்களுக்கு என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்குச் சம்மனசுகளின் பங்கு, உங்களுக்கு இது" என்றார் அவர். "போன வருடம் எங்கள் மகன் இறந்துபோனான்" என்று சொல்லிவிட்டு, தன் விரலைத் தோய்த்து, அண்ணை செய்தது போலவே மூன்று தரம் மணலில் சுண்டினார். அவளும் சுண்டினாள். அண்ணை இருந்திருந்தால் அவர்களோடு நல்லாகக் கதைத்திருப்பார், கையாலும் கண்ணாலும். அண்ணையின் கிளாஸ் எனக்கு முன்னால் நிரம்பியபடி இருந்தது. நான் விரலை அதற்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை. ஐயாவுக்குச் சுண்ட அன்றைக்கு எனக்கு என்ன உரிமை இருந்தது?

அறையில் இருந்த பைகளை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அண்ணை ஓட்டோவை ஸ்ரார்ட் பண்ணி வைத்திருந்தார். நான் வழமைபோல முன்னுக்கு ஏறப் போனேன்.

"பின்னுக்கு இருங்கோ" என்றார்.

நீங்கள் யாழ்ப்பாணத்தார் என்றால் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிறந்த நாள் தொட்டு தம்பி, எடேய், வாடா, இருடா என்றே என்னைக் கூப்பிட்ட வாய். அந்த "இருங்கோ" கன்னத்தில் விழுகிற ஒரு அறையைவிட நொந்தது. பின்னுக்கு இருந்தேன். பாலத்தில், "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று பல நாள் என்னைத் தேற்றினேன். கண்ணாடியில் அவருடைய கண் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குத் திரும்பியது.

அடுத்த நாள் காலமை ஒன்றும் நடக்காதது போல, "தம்பி, தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார். விமானம் ஏறும் வரைக்கும் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டார். எனக்கோ அதைக் கேட்கக் கேட்க ஒரு சந்தேகம். கடைக்காரரும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். விமான நிலையத்தில் பெட்டி தூக்கினவரும் தம்பி என்றுதான் சொன்னார்.

போன கிழமை வேலையில் நிற்கும்போது அண்ணையின் போன் வந்தது. என்னோடு பீப்பா உருட்டுகிற ஒருவன், யார் என்று கேட்டான். "மை பிறதர்" என்றேன். கிட்டங்கி முழுக்கக் கேட்கிற மாதிரி, தேவையில்லாத சத்தத்தில் சொன்னேன். "மை ஓன் பிறதர்." அவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

"ஆரோடையடா கத்துறாய்?" என்றார் அண்ணை போனில்.

"இஞ்சை ஒருத்தன். நீங்கள் ஆரெண்டு கேட்டவன்."

"நீ என்ன சொன்னனி?"

"என்ரை அண்ணை எண்டு சொன்னனான்."

அங்கே அவருடைய தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின் ஓடுவது கேட்டது. இங்கே மழை, எனக்கு முன்னால் அந்தக் கறுப்புச் சுவர்.

"ஓம், ஆரையும் அப்பிடித்தானே கூப்பிடுறது" என்று சொல்லி அண்ணை சிரித்தார். "சரி தம்பி, வைக்கிறன்."