இளநீர் மேல் போட்ட பழி

மூன்று வருஷத்துக்கு முன்னால், பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சமயம் நடந்தது இது. அப்போது தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆண்கள் வார்டில் நர்ஸாக இருந்தேன். இப்போதும் நர்ஸ்தான், மருத்துவமனை மட்டும் வேறு.

முதலில் எனக்கு இளநீர் மேல் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். வந்தால் இளநீர், இல்லாவிட்டால் வாழைப்பழம். மற்றவர்களுக்கு நல்லதுதான். சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது. அதில் பொட்டாசியம் என்ற தாது உப்பு நிறைய உண்டு. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால் இதயத்தையே நிறுத்திவிடும். இதை ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் வாய் வலிக்கச் சொல்வேன். நன்றாகத் தலையாட்டுவார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் நோயாளி வாயில் ஸ்ட்ராவை வைத்துவிடுவார்கள். எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் வாங்கி வந்தாலாவது நாங்களும் ஆளுக்கு ரெண்டு தின்போமே என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்த வாரம் மீனவர்கள் குடியிருக்கிற திரேஸ்புரத்திலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அறுபது வயது இருக்கும், கடல் தொழில் பார்த்து ஓய்ந்தவர். சிறுநீரகக் கோளாறுக்காக எங்களிடம் படுத்திருந்து, கால் வீக்கம் வடிந்து, இரண்டு வாரத்துக்கு முன்புதான் நடந்தே வீட்டுக்குப் போனவர். இப்போது காலை ஊன்றவே முடியவில்லை. நாடி மெதுவாக அடித்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. ரத்தம் எடுத்த விதத்தில்தான் கோளாறோ என்று டாக்டர் என் கையைச் சந்தேகப்பட்டார். எரிச்சலோடு மறுபடி எடுத்தேன். அதே அளவு. ஈசிஜியும் அதையே காட்டியது. இதயத்தைக் காக்க, மானிட்டரைப் பார்த்தபடியே கால்சியம் ஊசியை மெல்ல மெல்ல ஏற்றினேன். பிறகு பொட்டாசியத்தை இறக்க இன்சுலின், குளுக்கோஸ். மணிக்கொரு தடவை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். சாயங்காலம் பொட்டாசியம் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலையில் திரும்பவும் ஏறிவிட்டது.

"இவ்வளவு ஏறக் கூடாது சிஸ்டர். ஏதோ உள்ள போகுது, என்னன்னு பாருங்க" என்றார் டாக்டர். "இன்னும் ஏறினா ஹார்ட் தாங்காது."

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு தூக்குச்சட்டி. திறந்தால் இளநீர். நோயாளியின் மைத்துனர் கையும் களவுமாகச் சிக்கினார்.

"மச்சான் நாக்கு வறண்டு கெடக்காவ சிஸ்டர். இப்பதான் ஒரு வாய் குடுத்தேன்."

"இன்னொரு வாய் குடுங்க, நேரா கல்லறைக்குத்தான் கொண்டு போவிய."

தூக்கைப் பிடுங்கி வாஷ்பேசினில் கவிழ்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். நோயாளியின் மனைவி பக்கம் திரும்பினேன். எனக்கு அக்கா வயதிருக்கும், கையில் ஜெபமாலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"மாதா மேல சத்தியமா நான் ஒண்ணும் குடுக்கல சிஸ்டர். நீங்க சொன்னபடிதான் செய்யுதேன்."

இதைச் சொல்லாத ஆளை நான் பார்த்ததே இல்லை. பல வருஷத்து எரிச்சல் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். உங்க வீட்டுக்காரர நீங்களே கொல்லுதிய யக்கா!"

வார்டில் அத்தனை கட்டிலிலும் பேச்சு நின்றுவிட்டது. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். எனக்குப் பாவமாகக்கூட இல்லை. இனி பயந்தாவது ஒழுங்காக இருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. அந்த அக்கா கணவருக்கு ஊட்ட உட்கார்ந்தார். நான் நம்பாமல் பக்கத்திலேயே நின்றேன். பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, கஞ்சியில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினார். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் அரை ஸ்பூன் போட்டார்.

"அது என்னது?"

"நீங்க சொன்ன உப்புதான் சிஸ்டர். சரியா கரிக்க மாட்டேங்கு, அதான் கூடக் கொஞ்சம் போடுதேன்."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன தடவை வீட்டுக்கு அனுப்பும்போது கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது, உப்பைக் குறைக்கணும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். "உப்பில்லாம சோறு எப்படி எறங்கும்?" என்று அவர் கணவர் பரிதாபமாகக் கேட்டார். அன்றைக்கு நாலு பேருக்கு டிஸ்சார்ஜ். கடையில் சோடியம் குறைந்த உப்பு பாக்கெட்டில் விற்கிறது, அதை வாங்கிப் போடுங்கள் என்று போகிற போக்கில் சொன்னது நானேதான். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவி விளம்பரத்தில் பார்த்ததுதான். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் எதைச் சேர்க்கிறார்கள் என்று யோசிக்கவே இல்லை.

பாக்கெட்டைத் திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்றும் அதற்குக் கீழே இருந்தது.

ஊரைச் சுற்றி உப்பளம். அப்படிப்பட்ட ஊரில் இந்த அக்கா என் ஒரு பேச்சைக் கேட்டு, கணவருக்கு மட்டும் தனிச் சட்டி வைத்து, இந்த உப்பைப் போட்டு, மூன்று வேளையும் சமைத்திருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

கஞ்சியை வாங்கிக் கீழே வைத்தேன். அந்த நிமிஷம் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்ததையும் மறைக்கப் போவதில்லை. இந்த உப்பு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு பாக்கெட்டைக் கொண்டுபோய்விட்டால் யாருக்கும் தெரியாது. பழி இளநீரோடு போய்விடும். ஆனால் உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டுமே. போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்தார்.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் அந்த அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"யக்கா, அந்த உப்பாலதான் இவ்வளவு ஏறியிருக்கு. அத வாங்கச் சொன்னது நான். தப்பு என்னுதுதான். மன்னிச்சிருங்க."

ஜெபமாலை உருட்டிய விரல் நின்றது. "இவிய பொழைச்சிருவாவளா?"

"பொழைச்சிருவாவக்கா."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"காலையில ஏசுனிய, வார்டு பூரா கேட்டுச்சு. இத மட்டும் ஏன் சிஸ்டர் காதுக்குள்ள சொல்லுதிய?"

எழுந்து வார்டுக்குள் போனேன்.

மறுநாள் பொட்டாசியம் இறங்கி, இறங்கின இடத்திலேயே நின்றது. நோயாளி எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். பார்வையாளர் நேரத்தில் வார்டு நிறைந்திருக்கும்போது நடுவில் போய் நின்றேன். நேற்று இந்த அக்காவை நான் ஏசியது தவறு, அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, நான் சொன்ன உப்புதான் காரணம் என்று சத்தமாகச் சொன்னேன். மைத்துனர், "அப்போ இளநி..." என்று ஆரம்பித்தார். "அதுவும் கூடாது!" என்று கத்தினேன். வார்டே சிரித்தது.

அந்த அக்கா சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இனி எதப் போட்டுச் சமைக்கணும், எவ்வளவு போடணும், எழுதிக் குடுங்க சிஸ்டர்."

இவ்வளவு நடந்த பிறகும் அவர் என்னிடம்தான் கேட்டார். டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். சொல்பேச்சுக் கேட்காதவர்கள் மேல் இன்றும் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் நான் சொல்வதை அப்படியே நம்பித் தலையாட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.