வலது கை எடுத்த துளசி

என் மனைவி தனலட்சுமிக்குப் பேச்சு நின்றுபோனது ஒரு ஆடி மாதக் காலையில். கொரோனா அடங்கி ஊர் மறுபடி நடமாட ஆரம்பித்திருந்த வருஷம் அது. அடுப்பில் உலை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வந்தவள் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. புத்தூருக்கு ஓடினோம், அங்கிருந்து திருப்பதிக்கு ஓடினோம். உயிர் மிஞ்சியது. பேச்சு திரும்பவில்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. கோவிந்தா. தண்ணீர் வேண்டுமென்றாலும் கோவிந்தா, வலித்தாலும் கோவிந்தா, என்மேல் கோபம் வந்தாலும் அதே கோவிந்தாதான். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நிற்பதுண்டு, இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும். பசியா வலியா என்று குரலை வைத்தே கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் பிடிக்காது. வாய் ஓயாமல் பேசின பொம்பளை அவள்.

என் பெயர் முனிரத்தினம். ஆந்திராவில், நாராயணவனத்துக்குப் பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒரு கிராமம். எங்கள் நைனா, அதாவது அப்பா, காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில்தான் எங்களுக்கு வேலை. நானும் தனமும் கூலிக்குப் போய்ச் சேர்த்ததில் ஒரு சின்ன மாந்தோப்பு வாங்கினோம். எல்லாம் பெங்களூரா ஜாதி மா. கன்றாக இருந்தபோது குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவள் அவள். அந்தத் தோப்பும், ஹேமாவதி என்கிற ஒரே பெண்ணும்தான் எங்கள் சொத்து.

ஹேமா சித்தூரில் பிசியோதெரபி படித்தாள். அதற்கு அரசாங்கமே ஃபீஸ் கட்டியது. அம்மா விழுந்தபோது அவளுக்குக் கடைசி வருஷப் பயிற்சி. வாராவாரம் பஸ் ஏறி வந்து, அம்மாவின் கையை மடக்கி நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உருவிவிடுவாள். இப்படியே ஒரு வருஷம் போனது. டிகிரி முடிந்ததும் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, இத்தோட நிறுத்திக்கினா பத்தாது. மூள, நரம்புக்குன்னு தனியா மேல்படிப்பு இருக்குது. அத்த படிச்சாதான் அம்மாவ நடக்க வெக்க முடியும்."

அந்தப் படிப்பு இரண்டு இடத்தில் கிடைத்தது. சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. கண்ணாடிக் கட்டடம், புதுப்புது மிஷின்கள், சீட்டு தயார். ஆனால் ஃபீஸைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. வெளி மாநிலம் போனால் நம் அரசாங்கம் கட்டாது. தோப்பை விற்றால் சரியாக அதற்குப் போதும். இன்னொன்று திருப்பதியில், பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த அரசாங்கக் கல்லூரி. மாங்காய் விற்ற பணத்திலேயே படித்துவிடலாம். ஆனால் அங்கே இருப்பதே கொஞ்சம் சீட்டு. பெயர் வருமா வராதா என்று கவுன்சிலிங் முடிந்தால்தான் தெரியும். சென்னைக்காரர்களோ திங்கட்கிழமைக்குள் பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினால் திரும்ப வராது. கட்டாவிட்டால் சீட்டு போய்விடும்.

ஹேமாவுக்குச் சென்னை மேல்தான் ஆசை. தனத்தின் தம்பி துரைசாமிக்கும் அதேதான். அவன் ஸ்ரீசிட்டி கம்பெனியில் சூப்பர்வைசர், நாலு பேரைப் பார்த்தவன்.

"தோப்பு இன்னா மாமா, கைகால் நல்லா இருந்தா மறுபடி வாங்கிக்கலாம். திருப்பதி சீட்ட நம்பிக்கினு இருந்தா ரெண்டும் பூடும். பாப்பாவுக்கு ஒரு வருஷம் வீணாப் பூடும்" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தோப்பு போய்விட்டால் தனத்துக்கு மருந்து வாங்க எங்கே போவேன்? ஹேமாவும் சென்னைக்குப் போய்விட்டால் அந்தக் கையை யார் பிடித்து உருவிவிடுவார்கள்? இதை வாய்விட்டுச் சொன்னால் பெண் படிப்பையே விட்டுவிடுவாள் என்று பயம். அதனால் மென்று முழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை நாராயணவனம் கோயிலுக்குப் போனேன். அங்கே இருப்பவர் கல்யாண வெங்கடேசர். எனக்குப் பெருமாளிடம் கைகட்டிப் பேசத் தெரியாது. சண்டைக்காரன் மாதிரிதான் பேசினேன். "உன் கல்யாணத்துக்கே குபேரங்கிட்ட கடன் வாங்கினவன் நீ. இன்னிக்கும் வட்டி கட்டிக்கினு கீறே. இல்லாதவன் பாடு உனக்குத் தெரியாதா? எந்தப் பக்கம் போறதுன்னு சொல்லு. தனத்துக்கும் பேச்சக் குடு, நடையக் குடு." இரண்டையும் சேர்த்தே கேட்டேன்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பெருமாளுக்குத் தளிகை படைத்து, நாமம் போட்டு, பெரிய காரியம் ஏதாவது இருந்தால் பெருமாள் படத்தின் முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். துளசி ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து நூல் சுற்றிக் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுப்பது. துளசி வந்தால் திருப்பதி, பூ வந்தால் சென்னை என்று வேண்டிக்கொண்டோம். எடுக்கிறவர் வீட்டுக்காரியாக இருக்க வேண்டும், வலது கையால் எடுக்க வேண்டும். தோப்பு வாங்கும்போதும் தனம்தான் எடுத்தாள். குலுக்கிப் போட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அவளுக்குத்தான் வலது கை விழுந்துபோயிற்றே!

"ஹேமா எடுக்கட்டும்" என்றான் துரைசாமி.

"யாருக்காகக் கேக்கறமோ அவுங்க எடுக்கக் கூடாதுடா" என்றேன்.

"அப்ப அக்கா இடது கையால எடுக்கட்டும்."

சாமி காரியத்துக்கு இடது கையா? எனக்கு மனசு ஒப்பவில்லை. தளிகை ஆறிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தனம் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. "கோவிந்தா!" என்று ஒரு அதட்டல் போட்டாள். அது கோபம்.

ஹேமா எழுந்துபோய்த் தாம்பாளத்தை அம்மாவின் மடியில் வைத்தாள். வலது முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். "தூக்கும்மா. நான் பிடிச்சிக்கினு கீறேன். தூக்கு" என்றாள். தனத்தின் நெற்றியெல்லாம் வேர்த்தது. தோள் நடுங்கியது. கை மெதுவாக நகர்ந்து போய் ஒரு பொட்டலத்தின் மேல் விழுந்தது. விரல்களை மூட முடியவில்லை. அப்படியே அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிரித்தோம். துளசி.

"எடுக்கவே இல்லியே, தொட்டதுதானே? நீதான் தள்ளினே பாப்பா" என்றான் துரைசாமி.

ஹேமாவின் கண் கலங்கியிருந்தது. "எதுல இன்னா இருக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும் மாமா? எனக்கு ஆச பூ மேலதான். அம்மா கை தானா போச்சு. என் கையில தெரிஞ்சிது" என்றாள். நரம்பு கொஞ்சம் உயிர் பிடிக்கிறது என்று அப்புறம் ஏதோ விளக்கம் சொன்னாள். நான் கேட்கவில்லை. விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வந்தது, போனது. தோப்பு வாங்க வந்தவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சென்னை சீட்டு வேறு யாருக்கோ போனது. அதற்குப் பிறகு திருப்பதி லிஸ்ட் வந்தது. அதில் ஹேமாவதியின் பெயர் இல்லை.

என்ன சொல்லித் தேற்றுவேன்? பெண் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு வாய் துன்னு கண்ணு என்று கெஞ்சினாலும் கேட்கவில்லை. "ஒரு துளசி எலைய நம்பி பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டியே மாமா" என்று துரைசாமி போனில் கத்தினான். நான் விளக்கேற்றுவதை நிறுத்தினேன். ஒருநாள் நாராயணவனம்வரை போய், உள்ளே போகாமல் கோபுர வாசலிலேயே நின்றேன். இனிமேல் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பூ விற்கிற பொம்பளைகள் என்னைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

ஐப்பசி மழையில் இன்னொரு இடி விழுந்தது. தனத்துக்குக் கஞ்சி புரையேறி நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு விடத் திணறினாள். திருப்பதியில் அதே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வராண்டாவில் நானும் ஹேமாவும் உட்கார்ந்திருந்தபோது அவள் போன் அடித்தது. பேசிவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சீட்டு வச்சிந்தி நைனா! வச்சிந்தி!"

ரொம்பச் சந்தோஷம் வந்தால் எங்கள் வாயில் தெலுங்குதான் வரும். சீட்டு வந்துவிட்டது என்கிறாள். யாரோ ஒருவர் வேறிடம் கிடைத்து விலகிக்கொண்டாராம். காத்திருப்பு லிஸ்ட்டில் அடுத்த பெயர் இவளுடையது. கல்லூரி எங்கே என்றால், அம்மா படுத்திருந்த வார்டுக்கு அடுத்த கட்டடம்.

அன்றைக்கு மட்டும் அவள் சென்னையில் இருந்திருந்தால்?

வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே வெள்ளைக் கோட்டோடு ஓடி வருவாள். அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவாள், சளி பிரிந்து வெளியே வருவதற்கு. பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுகிற மாதிரியே இருக்கும். அவளை அப்படித் தட்டி வளர்த்தவள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். அவள் கல்லூரி மேடம் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மீ அம்மகாரா?", உங்கள் அம்மாவா என்று கேட்டார். ஹேமா தலையாட்டினாள். அந்த மேடமே அம்மாவைப் பிடித்துக்கொண்டு, எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

தனம் பிழைக்கவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலை, ஹேமா தட்டி முடித்து அம்மாவைத் தன் மார்பில் சாய்த்து வைத்திருந்தாள். தனம் ஒருதரம் "கோவிந்தா" என்றாள். அது பசியும் இல்லை, வலியும் இல்லை, கோபமும் இல்லை. அத்தனை நாள் பழகிய எனக்கே அந்தக் குரல் என்னவென்று தெரியவில்லை. அப்படியே போய்விட்டாள். ஹேமா அந்த வலது கையை விடவே இல்லை. நர்ஸம்மா வந்துதான் மெதுவாகப் பிரித்தார்.

அன்பர்களே, உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. பேச்சு கேட்டேன், நடை கேட்டேன். இரண்டையும் அவன் கொடுக்கவில்லை. அந்தத் துக்கம் என்னைவிட்டுப் போகவும் இல்லை. காரியம் முடிந்த அன்று துரைசாமிதான் என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா கடைசீல பாப்பா கையில இருந்துச்சே மாமா. எம் பேச்ச கேட்டிருந்தா பாப்பா எங்கியோ இருந்திருக்கும்" என்று விம்மினான். அப்போதும் எனக்குக் கோபம்தான். வருஷக்கணக்கில் விளக்கேற்றவில்லை.

ஹேமா படிப்பை முடித்துவிட்டாள். இப்போது சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், கை கால் விழுந்தவர்களைச் சுற்றுப்பட்டு ஊரிலிருந்து அழைத்து வருகிறார்கள். தோப்புச் சம்பாத்தியத்தில் சாப்பாட்டுக்குக் குறையில்லை, அதனால் யாரிடமும் கை நீட்டாமல் பார்க்கிறாள். வரதய்யபாளையத்திலிருந்து ஒரு அம்மாவை ஆட்டோவில் தூக்கி வந்து இறக்கினார்கள். தனத்தின் வயதுதான் இருக்கும். நாலைந்து வாரம் தொடர்ந்து வந்த அவர், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமாவின் கையைப் பிடித்தபடி நடந்து வாசலைத் தாண்டினார். எனக்கு முதலில் வயிறு எரிந்தது. என் தனத்துக்குக் கேட்டதை யாருக்கோ கொடுக்கிறாயே என்று பெருமாளைத் திட்டினேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் கரைந்துவிட்டது. உள்ளே போய் விளக்கேற்றினேன்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் படிப்புக்காக இரண்டு வழியில் எதை எடுப்பது என்று தெரியாமல் தவிப்பீர்கள். அவனிடம் கேளுங்கள். திட்டியாவது கேளுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். நீங்கள் கேட்டதே கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் என் மனைவி தனியாகச் சாகவில்லை. அவள் நடக்காத நடையை, இன்றைக்கு யாரோ ஒருத்தர் அவள் பெற்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.